தோப்புக்குள் போன தடம்

போர் தொடங்கியபோது அந்த வான் உளவுப் பிரிவில் பன்னிரண்டு விமானங்கள் இருந்தன. எதிரி எங்கே இருக்கிறான், எந்தப் பக்கம் நகர்கிறான் என்று மேலிருந்து படம் எடுத்துக்கொண்டு வருவதுதான் வேலை. குண்டு போடுவதோ சுடுவதோ கிடையாது. மற்ற விமானங்களில் துப்பாக்கி இருக்கும் இடத்தில் இவற்றில் கேமரா இருந்தது. காலாட்படைக்காரர்கள் அந்தப் பிரிவை ‘ஸ்டூடியோ’ என்றுதான் சொல்வார்கள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, “என்னப்பா, கல்யாண ஆல்பம் ரெடியாயிடுச்சா?” என்று வம்பிழுப்பார்கள்.

முதல் மழைக்காலத்தில், ஆற்றுத் திருப்பம் ஒன்றில் எதிரி சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருந்த மிதவைப் பாலத்தை ஸ்டூடியோ கண்டுபிடித்துச் சொன்னது. அதனால் ஒரு பெரும் படை சாவிலிருந்து தப்பியது. அதற்கப்புறம் கிண்டல் குறைந்தது. விமானங்களும் குறைந்தன. சில சுட்டு வீழ்த்தப்பட்டன. இரண்டு, மேகத்துக்குள் போனவை போனவைதான். ஒன்று ஓடுபாதையிலேயே கவிழ்ந்து எரிந்தது. இரண்டாம் ஆண்டின் கடைசியில், மூடிப்போன செங்கல் சூளையை ஒட்டிய மைதானத்தில் ஒரே ஒரு விமானம் நின்றது.

அதை ஓட்டியவனை எல்லோரும் கொக்கு என்பார்கள். நெட்டைக் கழுத்து, நீளமான கால்கள். விமானத்தில் ஏறும்போது மடக்குக் கத்தியை மடக்குவதுபோலத் தன்னை மடக்கிக்கொள்வான். அவனுடைய அக்காவும் அதே பிரிவில்தான் வேலை பார்த்தாள். அவன் வாய்க்கு வாய் ‘அக்கா, அக்கா’ என்று கூப்பிட்டதில், மேஜர் உட்பட அத்தனை பேருக்கும் அவள் அக்காவாகிப் போனாள்.

அக்கா அதற்கு முன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவள். கணவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் கைக்குழந்தை. ஸ்டூடியோவில் அவளுடைய வேலை, தம்பியும் மற்றவர்களும் எடுத்துவரும் படங்களைப் படிப்பது. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு இரட்டைக் கண்ணாடியை நிறுத்திக் குனிந்து பார்ப்பாள். தட்டையாகக் கிடந்த நிலம் அப்படியே எழுந்து நிற்கும். கூரைகள் மேலே வரும், வாய்க்கால்கள் கீழே போகும். வைக்கோல் போருக்கும் வலைபோட்டு மூடிய லாரிக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாக இப்படி வானத்திலிருந்து பூமியைப் பார்த்தவள், ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. “எனக்கு ஏணியில ஏறினாலே தலை சுத்தும்” என்பாள்.

பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது ஒரு காலை நேரம். எதிரி வடக்கே உடைத்துக்கொண்டு வந்துவிட்டான். எல்லோரும் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட வேண்டும். பெரிய பாலம் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது என்றது தலைமையகம். சூளைக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் குடியிருந்த குடும்பங்களை முதலில் அனுப்ப மேஜர் இரண்டு பஸ்களைப் பிடித்துவந்தார். ஒன்றின் கூரை வெள்ளை. இன்னொன்றின் மேல் பச்சைத் தார்ப்பாய் போட்டு மூட்டைகளைக் கட்டியிருந்தார்கள்.

தம்பியின் மனைவிக்கு ஏழாம் மாதம். காலை நீட்டிப் படுக்கத் தோதாகப் பின்னால் நீண்ட இருக்கை இருந்ததால் அவளைத் தார்ப்பாய் பஸ்ஸில் ஏற்றினார்கள். அது அதோடு நிரம்பிவிட்டது. அக்காவின் அப்பாவும் மகளும் வெள்ளை பஸ்ஸில் ஏறினார்கள். அப்பா தையல்காரர். துணிமணிகளைக்கூட விட்டுவிட்டுத் தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றிக் கோணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

“எதுக்குப்பா இந்தக் கனத்தைத் தூக்கிட்டு?” என்றாள் அக்கா.

“அக்கரையில இருக்கறவன் மட்டும் அம்மணமாவா திரியப்போறான்? போன மறுநாளே கடை போட்டுடுவேன்” என்றார் அப்பா. “நீ சட்டுனு வந்து சேரு. உன் பொண்ணு கேள்வி கேட்டே என்னைக் கொன்னுடுவா.”

மகள் ஏற்கெனவே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அம்மா, நீ மாமா ஏரோப்ளேன்ல வருவியா?”

“லாரியிலதான்டி வருவேன். தாத்தா சொன்ன பேச்சைக் கேளு.”

மேஜரின் மனைவியும் அந்த பஸ்ஸில்தான் இருந்தாள். அவள் குழந்தையைத் தன் பக்கத்து இருக்கைக்கு இழுத்துக்கொண்டாள். பஸ்கள் கிளம்பின. சாலையில் ஏற்கெனவே ஊர் ஊராக ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். தள்ளுவண்டி, சைக்கிள், மாடு, முதுகில் பாயும் படுக்கையும். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே அந்தக் கூட்டத்துக்குள் மெல்ல நுழைந்து போயின.

மேஜர் கொக்கை ஒரு கடைசிச் சுற்றுக்கு அனுப்பினார். சாலை, பாலம், இரண்டு கரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அவன் உச்சிப்பொழுது தாண்டித் திரும்பினான். பின் இருக்கையில் உட்கார்ந்து கேமராவை இயக்குகிறவரின் தோளில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்திருந்தது. அவரைத் தூக்கி இறக்கினார்கள். யார் சுட்டது, எங்கிருந்து சுட்டது என்று கொக்குக்குத் தெரியவில்லை. “கீழே ஒண்ணுமே இல்லக்கா. பாலத்துல நம்மாளுங்க கொடிதான் பறக்குது. ஆனா எங்கேயோ இருந்து சுடறான்” என்றான்.

பிலிம் கழுவும் லாரியில் இருந்தவனுக்கு இருட்டு என்று பெயர். சன்னல்களுக்குக் கறுப்புச் சாயம் பூசிய அந்த லாரிக்குள்ளேயே கிடப்பவன். வெளியே வந்தால் வெளிச்சம் பொறுக்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பான். மருந்துத் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. பழையதையே ஊற்றி, வாய்க்கால் தண்ணீரில் அலசி, ஈரம் காயாத படங்களைத் தட்டில் கொண்டுவந்து வைத்தான். “அழகெல்லாம் எதிர்பாக்காதே அக்கா. முகம் தெரிஞ்சா போதும்னு கழுவியிருக்கேன்.”

அக்கா கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். சாலை தெரிந்தது. அதில் எறும்புச் சாரைபோல ஜனங்கள். நடுவே தார்ப்பாய் பஸ்ஸைக் கண்டுபிடித்தாள். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம். அதன்மேல் விரலை வைத்து ஒரு கணம் நின்றாள். பிறகு பாலத்துக்குப் போனாள். பாலம் முழுசாக இருந்தது, கொடியும் இருந்தது. இக்கரையில், பாலத்துக்குச் சற்று முன்னால், சாலையின் இடப்பக்கம் அடர்த்தியான ஒரு மாந்தோப்பு.

ஆற்று மணலிலிருந்து அந்தத் தோப்பை நோக்கி வண்டித் தடங்கள் வந்தன. கனமான சக்கரங்கள், புதுசாக அழுந்தியவை, பக்கம் பக்கமாகப் பல. தோப்பின் விளிம்பு வரை வந்து உள்ளே போயின. அக்கா தோப்பைச் சுற்றி வந்தாள். மறுபக்கம் எதுவும் வெளியே வரவில்லை. மறுபடி சுற்றி வந்தாள். அடுத்த ஜோடிப் படத்தை வைத்துப் பார்த்தாள். மரங்களுக்கு நடுவே இரண்டு இடங்களில் இலைகளின் உயரம் மட்டம் தப்பியிருந்தது, வெட்டிவந்து கவிழ்த்த கிளைகள்போல.

அவள் எழுந்தபோது நாற்காலி பின்னால் விழுந்தது.

“சார், அவன் ஏற்கெனவே பாலத்துக்கிட்டயே வந்துட்டான்” என்றாள் மேஜரிடம். “வடக்கேயிருந்து ஆத்து மணலோடயே வந்து தோப்புக்குள்ள உக்காந்திருக்கான். பாலத்தை அவன் வேணும்னேதான் விட்டு வெச்சிருக்கான். எல்லாரும் அங்க வந்து சேரட்டும்னு.”

மேஜர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் அவள் சொல்லி எதுவும் தப்பியதில்லை. அவர் நேராகத் தொலைபேசிக்குப் போய்க் கைப்பிடியைச் சுற்றினார். சத்தமே இல்லை. வயர்லெஸ் பெட்டியை விடியலிலேயே லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. அவர் காதுக்குழலைத் திரும்ப வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

“மோட்டார் சைக்கிள்ல நான் போறேன்” என்றான் இருட்டு.

“போ. ஆனா அந்தக் கூட்டத்தைத் தாண்டி நீ போய்ச் சேர்றதுக்குள்ள...” மேஜர் முடிக்கவில்லை. கொக்கைப் பார்த்தார். “பெட்ரோல் எவ்வளவு இருக்கு?”

“போறதுக்கு இருக்கு சார்.”

“வர்றதுக்கு?”

“போறதுக்கு இருக்கு சார்” என்றான் கொக்கு மறுபடியும்.

அந்த விமானத்தைப் பத்திரமாகப் பின்தளத்துக்குக் கொண்டுபோகச் சொல்லித்தான் உத்தரவு. பிரிவில் மிச்சமிருந்த ஒரே சொத்து அது. மேஜர் கண்ணை மூடித் திறந்தார். “என் வீட்டுக்காரி அந்த பஸ்ல இருக்காங்கறதுக்காக நான் இதைச் சொல்லலன்னு யார்கிட்டயும் என்னால சத்தியம் பண்ண முடியாது. போங்க. பின் சீட்டுக்கு ஆள் வேணுமே?”

“நான்தான் போகணும்” என்றாள் அக்கா. “எந்த பஸ் எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்.”

பிலிம் டப்பாக்களில் அவசரமாகச் செய்தி எழுதிப் போட்டார்கள். ‘பாலத்துக்குப் போகாதீர்கள். தோப்பில் எதிரி. மேற்கே மேட்டுப்பாதையில் திரும்புங்கள்.’ ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார்கள். அக்கா ஈரப் படத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, இன்னொருவருடைய இரத்தம் காயாத இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

விமானம் மேலே எழுந்தது. அவள் கால்களுக்கு நடுவே வாந்தி எடுத்தாள். பிறகு எட்டிப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த நிலம் அங்கே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் அசையாத சாம்பல் நிலம். இங்கே எல்லாம் சாய்ந்தது, நிறமாக இருந்தது, ஓடியது. எது சாலை, எது வாய்க்கால் என்றே பிடிபடவில்லை. “அக்கா, எந்தப் பக்கம்?” என்று தம்பி கத்தினான். அவள் இரண்டு பக்கமும் மாறி மாறி எட்டிப் பார்த்தாள். வலப்பக்கம் செங்கோணமாக மடங்கும் ஒரு கால்வாய் கண்ணில் பட்டது. அந்த மூலையைப் படத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டு, வழிதப்பிய குழந்தை சுவரைத் தடவிக்கொண்டு வீடு சேர்வதுபோல, சாலையைக் கண்டுபிடித்தாள்.

“கால்வாயோட போ! அது சாலையைத் தொடும்!”

சாலை வந்தது. கொக்கு தாழ்வாக இறக்கினான். அந்தச் சத்தம் கேட்டதுமே கீழே கூட்டம் சிதறியது. மேலே விமானம் வந்தால் அது யாருடையது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் காலமெல்லாம் போய்விட்டிருந்தது. வண்டிகளைப் போட்டுவிட்டு ஜனங்கள் பள்ளத்தில் குதித்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகள்மேல் கவிழ்ந்து படுத்தார்கள். அக்கா முதல் டப்பாவை எறிந்தாள். சிவப்பு வாலை ஆட்டிக்கொண்டு அது சாலை நடுவில் விழுந்தது. அதைச் சுற்றி இருந்தவர்கள் அலறிக்கொண்டு விலகி ஓடினார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை. இரண்டாவதையும் எறிந்தாள், மூன்றாவதையும் எறிந்தாள்.

“குண்டுன்னு நெனைக்கறாங்கடா!” என்று அழுதாள்.

கீழே ஒரு சிப்பாய் மண்டியிட்டுத் துப்பாக்கியை அவர்களை நோக்கித் தூக்கினான். நம் ஆள்தான். இறக்கையில் சடசடவென்று ஏதோ பட்டது.

தார்ப்பாய் பஸ் கூட்டத்துக்குள் சிக்கி நின்றிருந்தது. அதற்கு முன்னால் சாலை காலி. நடக்கிறவர்கள் இன்னும் அவ்வளவு தூரம் வந்து சேரவில்லை. அந்தக் காலிச் சாலையில் வெகுதூரம் முன்னால், தூசியைக் கிளப்பிக்கொண்டு வெள்ளை பஸ் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் தோப்பு கரும்பச்சையாகத் தெரிந்தது.

“முன்னாடி போ! வெள்ளை பஸ்! அப்பா இருக்காருடா! பாப்பா இருக்கா!”

“தெரியும்!” என்றான் தம்பி. விமானம் முன்னே பாய்ந்தது. பஸ்ஸை உரசுவதுபோல் மேலே போய், இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அக்கா பாதி உடம்பை வெளியே நீட்டி, திரும்பு, திரும்பு என்று கையால் காட்டினாள். பஸ் வேகம் குறைத்தது. ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. மாமாவின் விமானத்தை அடையாளம் தெரிந்துகொண்டு ஒரு சின்னக் கை தோள் வரை வெளியே வந்து ஆடியது. அவர்கள் சந்தோஷமாகக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் தோப்பு சுட ஆரம்பித்தது. விமானம் இவ்வளவு கிட்டே வந்ததும் தாங்கள் இருப்பது தெரிந்துபோய்விட்டது என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள் போலும். இஞ்சினில் பலமாக ஒரு அடி விழுந்தது. எண்ணெய் தெறித்துக் கண்ணாடி முழுக்க வழிந்தது. கொக்கு விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து ஆற்றுக்கு முதுகு காட்டித் திருப்பினான்.

“திரும்பாதே! பஸ்ஸுக்கு முன்னாடி இறக்கு! முன்னாடி இறக்குடா!”

விமானம் திரும்பிக்கொண்டே இருந்தது. அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். சுடும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பஸ் டிரைவருக்கு எப்படித் தெரியும்? இந்தப் போரில் எல்லோருக்கும் பழகிப்போனது ஒன்றுதான். வானத்தில் விமானம் இருந்து, துப்பாக்கிச் சத்தமும் கேட்டால், மரத்தடிக்கு ஓடு. பஸ் ஒரு குலுக்கலோடு வேகம் பிடித்தது. நேராகத் தோப்பை நோக்கி ஓடியது. மரங்களுக்குள் நுழைந்தது. வெள்ளைக் கூரை ஒரு தடவை பளிச்சென்று மின்னி மறைந்தது.

அக்கா கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை.

இஞ்சின் நின்றுவிட்டது. கொக்கு தார்ப்பாய் பஸ்ஸுக்கு எதிரே அந்தக் காலிச் சாலையில் விமானத்தை இறக்கினான். ஒரு சக்கரம் மைல்கல்லில் இடித்து முறிந்தது. விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு சாலைக்குக் குறுக்கே சரிந்து நின்றது. முன்பக்கம் நசுங்கி அவன் கால்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. “நீ போ அக்கா. அவங்களைத் திருப்பு” என்றான். முகம் வெளுத்திருந்தது.

நெற்றியில் இரத்தம் வழிய அவள் தார்ப்பாய் பஸ்ஸை நோக்கி ஓடினாள். பள்ளத்திலிருந்து ஜனங்கள் எழுந்து வந்தார்கள். பயம் கோபமாகிவிட்டிருந்தது.

“ஏம்மா, எங்களைக் கொல்லப் பாத்தீங்களா?”

“ரோட்டை அடைச்சிட்டாங்கப்பா! இதைத் தள்ளிவிடுங்க, பாலத்துக்குப் போகணும்!”

“பாலத்துக்குப் போகாதீங்க! தோப்புக்குள்ள அவன் இருக்கான்!” அவள் ரவிக்கையிலிருந்து படத்தை எடுத்து விரித்துக் காட்டினாள். ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஒரே கரிக்கறையா இருக்கு. இதுல எங்கம்மா மனுஷன் இருக்கான்?” என்றார். இன்னொருவன் அதைப் பிடுங்கிக் கீழே போட்டான். பத்துப் பதினைந்து பேர் விமானத்தைப் புரட்டித் தள்ளக் கிளம்பிவிட்டார்கள். உள்ளே ஒருவன் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்பதுகூட அவர்கள் காதில் ஏறவில்லை.

பஸ் படியில் தம்பியின் மனைவி இறங்கி நின்றாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தாள். சாதாரணமாக அவள் பேசுவதே பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் கூட்டம் திரும்பியது.

“இவங்க பெத்த பொண்ணு முன்னாடி பஸ்ல போச்சு! இவங்க அப்பாவும் அதுலதான் போனாரு! அப்படியிருந்தும் நம்மளைத் திரும்புன்னு சொல்றாங்களே, இவங்களுக்கு என்ன பைத்தியமா? கொஞ்சம் யோசிங்கய்யா!”

தள்ளப் போனவர்கள் நின்றார்கள். எல்லோரும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். பெரியவர் கீழே கிடந்த படத்தைக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி அவள் கையில் கொடுத்தார். “எந்தப் பக்கம் திரும்பணும்?” என்று கேட்டார்.

“மேற்கே. மேட்டுப்பாதை. அங்க ஆறு முழங்கால் ஆழம்தான்.”

வாய்க்கு வாய் செய்தி பின்னால் போனது. முதலில் தள்ளுவண்டிகள் திரும்பின. பிறகு பஸ், முன்னும் பின்னும் உறுமி, வயலுக்குள் இறங்கித் திரும்பியது. கூட்டம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே வளைந்தது.

அக்கா அவர்களோடு போகவில்லை. விமானத்தைத் தாண்டித் தோப்புப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். தம்பி கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. சாலை ஓரத்தில் ஒரு துப்பாக்கிக் குண்டு மண்ணைக் கிளப்பியது. அவள் நடந்துகொண்டே இருந்தாள். பின்னாலிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இருட்டு, வயல் வரப்புகளிலெல்லாம் விழுந்து எழுந்து, உடம்பெல்லாம் சேறாக அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் விடவில்லை.

“என்னை விடு! என் பொண்ணு உள்ள இருக்கா!”

“நீ போனா அவளுக்குத் தாய் இல்லாம போயிடும்க்கா. அவ திரும்பி வந்தா யார்கிட்ட வருவா? கடி, எவ்வளவு வேணும்னாலும் கடி. விடமாட்டேன்.”

இருட்டும் இரண்டு சிப்பாய்களும் தகரத்தைக் கிழித்துக் கொக்கை வெளியே எடுத்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே தோலில்தான் தொங்கியது. அவனைத் தள்ளுவண்டியில் கிடத்தினார்கள். விமானத்துக்கு இருட்டே தீ வைத்தான், கேமரா எதிரி கையில் சிக்கக்கூடாதே என்று. வண்டிக்குப் பக்கத்தில் தம்பியின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அக்கா பின்னால் வந்தாள். ஒரே ஒரு தடவை வண்டிக்கு அருகில் போய்க் குனிந்து, “உன் பொண்டாட்டி பக்கம் திரும்பினே” என்றாள். அதற்கப்புறம் அவனோடு பேசவில்லை.

அவர்கள் மேட்டுப்பாதையில் ஆற்றைக் கடந்தார்கள். அன்று திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஸ்டூடியோ அத்தோடு முடிந்தது. விமானம் இல்லாத விமானப் பிரிவை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? மேஜரைச் சரக்குக் கிடங்கு ஒன்றுக்கு மாற்றினார்கள். பின்னாளில் படை அலுவலகத்தில் அந்தப் பிரிவின் வரலாற்றை எழுதியபோது, கடைசி விமானம் பின்வாங்கலின்போது தரையிறங்குகையில் சேதமடைந்தது என்று எழுதி முடித்துக்கொண்டார்கள்.

அக்கா அக்கரை நகரத்தில் ஒரு துணிமில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். சண்டை நிறுத்தம் வந்ததும், பிடிபட்ட ஜனங்களை ரயிலில் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். ரயில் வரும் நாளிலெல்லாம் அவள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ஸ்டேஷனில் நிற்பாள். மேஜரும் நிற்பார். ஆளுக்கொரு தூண் பக்கம் நிற்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி. மில் மேஸ்திரி, “இன்னொரு தடவை மட்டம் போட்டா சீட்டு கிழிஞ்சிடும்” என்றான். “கிழி” என்றாள்.

கோடை முடியும்போது வந்த ஒரு ரயிலில் மேஜரின் மனைவி இறங்கினாள். பாதியாக இளைத்திருந்தாள். அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மொட்டைத் தலையோடு ஒரு பெண்பிள்ளை. பேன் தொல்லையென்று முகாமில் எல்லாக் குழந்தைகளுக்கும் மொட்டை அடித்துவிட்டார்களாம். பிள்ளை ரொம்ப உயரமாகியிருந்தாள். அக்காவுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஓடக்கூட முடியவில்லை. பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் மெல்ல நடந்து வந்து முன்னால் நின்று, “அம்மா, தாத்தா வரல” என்றாள்.

மேஜரின் மனைவிதான் மற்றதைச் சொன்னாள். பஸ் மரத்தடியில் போய் நின்றதுமே சிப்பாய்கள் சூழ்ந்துகொண்டார்கள். பயந்துபோய்க் கதவைத் திறந்து ஓடியவர்களைச் சுட்டார்கள். அதில் பலர் போய்விட்டார்கள். அப்பா ஓடவில்லை. குழந்தையைக் கால்களுக்கு நடுவே தள்ளி, மடியில் இருந்த கோணிப்பையை அவளுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக வந்த குண்டு அவர் கழுத்தில் பட்டது. “ரொம்ப நேரம் கஷ்டப்படல. நான் பக்கத்துலதான் இருந்தேன்” என்றாள். அது நிஜமா, தனக்காகச் சொல்கிறாளா என்று அக்கா கேட்கவில்லை.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு ராணுவ மருத்துவமனைக்குப் போனாள். கால் எடுத்த பிறகு புண் ஆறாமல் கொக்கு இன்னும் அங்கேதான் இருந்தான். இரண்டாம் மாடியில், பினாயில் நாறும் நீண்ட வார்டு. கடைசிக் கட்டிலில், கைக்குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தான். அவன் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றவர்களைப் பார்த்ததும் குழந்தையோடு எழுந்து உட்காரப் பார்த்தான். மகள் ஓடிப்போய்க் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

“மாமா, இது பையனா, பொண்ணா?”

“பொண்ணு” என்றான் அவன். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை காலியாக இல்லை.

அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். “அப்பா போயிட்டாரு” என்றாள்.

“ம்.”

“அன்னைக்கு நீ ஏன் திரும்பினே? கோபத்துல கேக்கல. தெரிஞ்சுக்கணும்.”

அவன் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே கூரையைப் பார்த்தான். “இஞ்சின் போச்சு, முன்னாடி இறங்கியிருந்தா சுட்டுத் தள்ளியிருப்பான், பின்னாடி அத்தனை ஜனம் இருந்துச்சு, அதான் திரும்பினேன்னு மேஜர்கிட்ட சொன்னேன். அவரும் சரின்னாரு. ஆனா கை திரும்பினப்போ எனக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டா, தெரியலக்கா. இவளை நெனைச்சேனான்னு நானும் இங்க படுத்துக்கிட்டு யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன். இல்லன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது.”

அக்கா அவனையே பார்த்தாள். அவன் ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். சொல்லவில்லை.

“குழந்தையைக் குடு” என்றாள். “தலையை இப்படியா தொங்க விடுவாங்க? ஓட்டத் தெரிஞ்சா போதுமா, தூக்கத் தெரிய வேணாம்?”

அவன் கொடுத்தான். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தன் முந்தானையால் அவன் கண்களையும் காதையும் துடைத்துவிட்டாள். வார்டு வாசலில் குடத்தோடு வந்த அவன் மனைவி, இதைப் பார்த்ததும் உள்ளே வராமல் சுவரோரம் நின்றுகொண்டாள்.